கொம்புப் பாம்பு வழக்கு

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஐந்து, பேரப்பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது எட்டு. அத்தனை பேர் சண்டையும் என் மடிக்குத்தான் வரும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தபோதே எங்கள் பழக்கம் அது. சண்டைக்குக் காரணமான பொருளை, தீர்ப்புச் சொல்பவர் மடியில் போட்டுவிட வேண்டும். சொன்ன தீர்ப்பைத் திருப்பக் கூடாது. கொடைக்கானல் வந்தபிறகும் நான் அதை விடவில்லை.

எட்டுப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. லாட்ஜிலிருந்து நான் துவைக்க வாங்கிவந்த போர்வைகள் காயாமல் வீடெங்கும் கொடியில் தொங்கின. அதற்கடியில் உட்கார்ந்து மகள் வயிற்றுப் பேரனும் மகன் வயிற்றுப் பேத்தியும் சீட்டு ஆடுவார்கள். ராஜா ராணிச் சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ பூதமோ இருக்கும். அதன் சக்தி என்னவென்று கீழே இங்கிலீஷில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஜெயித்தவர் தோற்றவரிடமிருந்து பிடித்த சீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

பேரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடம். அவளிடம் இருந்ததெல்லாம் மடங்கிக் கிழிந்த சீட்டுகள், ஒன்றைத் தவிர. லாட்ஜில் தங்கிய ஒரு வெளிநாட்டுக் குழந்தை கொடுத்துவிட்டுப் போன கொம்புப் பாம்பு. சாய்த்துப் பிடித்தால் தங்கமாக மின்னும். அது கையில் இருந்ததால்தான் தெருப் பையன்கள் அவளையும் ஆட்டத்தில் சேர்த்தார்கள்.

அன்றைக்குப் பாம்பு, பேரனிடம் இருந்த கல்வேலி என்ற பூதத்தை முட்டியது. இரண்டும் சமபலம், இரண்டும் செத்தன. பாம்பு செத்தால் எதிராளியின் இன்னொரு சீட்டையும் சேர்த்துக் கொல்லும். கல்வேலி களத்தில் இருக்கும்வரை எந்தச் சீட்டின் சக்தியும் செல்லாது. பேரனுக்கு மிச்சம் இருந்தது ஒரே சீட்டு; அதை அடிக்கப் பேத்தியிடம் வேறு சீட்டு இல்லை. பாம்பின் சக்தி செல்லுமானால் பேத்தி ஜெயிப்பாள். செல்லாதென்றால் பாம்பு அவள் கையை விட்டுப் போய்விடும்.

"அதான் வேலி செத்துருச்சுல்ல! செத்தது எப்பிடித் தடுக்கும்?" என்றாள் அவள்.

"ஏ லூசு, ரெண்டும் ஒண்ணாத்தானே செத்துச்சு? ஒம் பாம்பு சாகுறப்ப வேலி இருந்துச்சு. படிக்கத் தெரியாட்டி பொத்திக்கிட்டு ஆடு."

"நீ படிச்சுச் சொல்றதெல்லாம் ஒனக்குத்தானே வாய்க்குது!"

"அப்ப நீ படி. ஒரு வரி படி, பாப்போம்."

அவள் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஒங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு" என்றான் அவன். "திருப்பூர்ல பனியனுக்குப் பிசிறு வெட்டுறவுகளுக்கு நல்லா இங்கிலீசு வரும்."

"ஏலே, வாய அடக்கு. ரெண்டையும் மடியில போடுங்க" என்றேன்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. இரண்டும் ஒன்றாகச் செத்தால் எதன் சொல் நிற்கும் என்றுதான் அதில் எழுதவில்லை. எங்களில் வீட்டுப் பெரியவர் செத்தால் பிணம் வாசல் தாண்டும்வரை அடுப்பு மூட்ட மாட்டோம். கிடக்கும்வரை வீடு அவருடையது. பங்கு பாகம் யாரும் பேசக்கூடாது. எனக்குத் தெரிந்த சட்டம் அது.

"செத்த வேலிய எடுத்து ஓரத்துல வச்சுட்டீகளா?"

"இன்னும் இல்ல, அம்மாயி" என்றான் பேரன்.

"அப்ப பொணம் இன்னும் வீட்டுலதான் கெடக்கு. கெடக்குற வரைக்கும் அது வச்சதுதான் சட்டம். பாம்போட சக்தி செல்லாது."

"அப்பாயி, பாம்புந்தானே பொணமாக் கெடக்கு! அதுக்கு மட்டும் அதிகாரம் இல்லையா?"

"வேலிதான் வீட்டுக்காரன். பாம்பு வந்து முட்டுனது. போ, தீத்தாச்சு."

பேரன் என் மடியிலிருந்து பாம்பை உருவினான். அவள் கண்ணுக்கு முன்னால் அதைச் சாய்த்துச் சாய்த்து மின்ன வைத்தான். "இனி எத வச்சு ஆடுவ? போயி போர்வைய மடி."

அவள் மழையில் இறங்கிப் போனாள். பஜாரில் அந்தச் சீட்டு விற்கிற கடைக்குப் போய்க் கேட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"அப்பாயி, நாஞ் சொன்னதுதான் சரி. செத்தத எல்லாம் எடுத்தப்பறந்தான் பாம்போட சக்தியப் பாக்கணுமாம். அப்ப வேலியே இருக்காதாம். கடைக்காரண்ணன் ரூல்ஸ் புக்கப் பாத்துச் சொன்னாரு. மாத்திச் சொல்லு அப்பாயி."

"அங்க கேக்குறதுன்னா மொதல்லயே போயிருக்கணும். என் மடியில போட்டப்பறம் கடையில ஒனக்கு என்ன சோலி?"

பேரன் சிரித்தான். அவள் அழவில்லை. ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து போர்வை மடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வந்தபோது, "பாம்பு இல்லாதவ எதுக்கு?" என்று அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பாம்பை அவன் அதற்குள் மன்னவனூர்ப் பையன் ஒருவனிடம் மாற்றிவிட்டிருந்தான்.

இன்று கேட்டாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்வேன். கடைக்காரர் சொன்னாரென்று மாற்றினால் அப்புறம் என் மடி எதற்கு? ஆனால் அவள் அதன்பிறகு எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. காய்ச்சல் என்றால் தானே போர்த்திப் படுத்துக்கொள்வாள். அவள் பெரியவள் ஆனதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது திண்டுக்கல்லில் நர்சுக்குப் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். இதையெல்லாம் நான் எழுத்துக் கூட்டி எழுதியதைப் பார்த்துவிட்டு, "குடுங்க அம்மாயி, நான் வாசிக்கிறேன்" என்று பேரன் கை நீட்டுகிறான். அவனிடம் கொடுக்கவில்லை. பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

ஏத்தா, நீ இங்கே வா. இதை வாசித்துக் காட்டு. உனக்குப் பிடிக்காத இடத்தையும் சத்தமாக வாசி.