மைக் செத்த நாடகம்

இர்விங் பூங்காவில், பழைய ரோமானிய அரங்குகளைப் பார்த்து அரைவட்டமாகக் கட்டிய கற்படிகளில், டெக்சாஸ் தமிழர்களோடு உட்கார்ந்து நாடகம் பார்க்கிறேன். ராஜா வாயைத் திறக்கும் நேரத்தில் மைக் செத்துப்போகிறது. ராஜா மந்திரியின் காதில், “டயலாக் மறந்துட்டேன்டா” என்கிறார். அது கடைசிப் படிவரை தெளிவாகக் கேட்டுவிட, கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது.

“இவ்ளோ தூரம் எப்படிங்க கேக்குது?” என்று பக்கத்திலிருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

“ரோம்ல இப்படித்தான் ஸ்டெப்ஸை வளைச்சுக் கட்டுவாங்களாம். மேடையில தும்மினாகூட டாப் ரோவுக்குக் கேக்கும். ராஜா என் ஹஸ்பண்டுதான்” என்கிறார். பிறகு உட்கார்ந்தபடியே மேடையைப் பார்த்து, “‘யாரங்கே’ன்னு ஆரம்பிங்க” என்கிறார்.

ராஜா அண்ணாந்து அவரைக் கும்பிட்டுவிட்டு, “யாரங்கே!” என்று முழங்குகிறார்.

சரிசெய்த மைக்கோடு ஒருவர் ஓடிவருகிறார்.

“வேணாம், வேணாம்!” என்று மொத்தப் படிகளும் அவரை விரட்டுகின்றன.