பாலில் கலந்த அமுக்கரா

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுவாள். சோளக்காடு சந்தைக்கு மிளகு கொண்டுபோன அன்று, மூலிகை விற்கும் அம்மாவிடம் புலம்பினேன்.

"அமுக்கராக் கிழங்குப் பொடி குடுங்க சாமி. பால்ல ஒரு கரண்டி. புள்ள குதிரையாட்டம் ஓடும்."

தினமும் காலையில் நானே கலக்கிக் கொடுத்தேன்.

"ஏப்பா, குதிரையவே ஊறப்போட்ட மாதிரி நாறுது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

இரண்டாம் மாதம் அவள் கண்கள் மஞ்சளாயின. எங்கள் ஊரில் காமாலைக்கு யாரும் உடனே பஸ் ஏறுவதில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். உப்பில்லாச் சோறு போட்டேன். துவண்டு கிடந்தாளே என்று, தெம்புக்காக அமுக்கராவை இரண்டு கரண்டியாக்கினேன். மரவள்ளி தின்று வளர்ந்தவன் நான். கிழங்கை மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

வாந்தி நிற்காமல் போன பிறகே மலையிறங்கினோம். காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரி வரும்வரை என் மடியில் கிடந்தாள்.

"நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"கீழாநெல்லி மட்டுந்தானுங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். அந்தப் பொட்டலம் என் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியிலும் காலைப் பாலில் கலந்தேன். நான்கு நாள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கல்லீரல் இன்னும் மோசமாகியிருந்தது. வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் ஊசி போட வந்த நர்ஸிடம் என் மகள் ஈனக்குரலில் சொன்னாள்: "அக்கா, எங்கப்பா குதிரைப் பால் வெச்சிருக்காரு. உங்களுக்கும் ஒரு டம்ளர் வேணுமா?"

நர்ஸ் சிரித்தார். பிறகு டம்ளரை எடுத்து முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

பொட்டலத்தைப் பார்த்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இதுவும் மருந்துதானுங்க. சிலருக்கு ஈரலைக் கெடுத்துடும். இன்னியோட நிறுத்துங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மஞ்சள் இறங்கப் பல வாரங்கள் ஆயின. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் வாசல் வெயிலில் அவள் நிற்கும்போதெல்லாம் என் பார்வை அவள் கண்ணின் வெள்ளைக்கே போகிறது.

நேற்று காலை பால் காய்ச்சி டம்ளரில் ஊற்றி நீட்டினேன். வெறும் பால்தான்.

"வெச்சுருங்கப்பா" என்றாள். நான் வெளியே போனதும் அதைக் கொட்டிவிட்டு, பாத்திரத்திலிருந்து வேறு டம்ளரில் தானே ஊற்றிக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.