அப்பா போகும் பஸ்

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் போனை வாங்கித் திருப்பி, கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பார். உள்ளே எதையும் படம் பிடித்துவிடக் கூடாதாம். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று வயர் செருகுகிறவளுக்கு அங்கே படம் பிடிக்க என்ன இருக்கிறது? வீங்கிய காலை வேண்டுமானால் பிடிக்கலாம். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தால் அந்த ஸ்டிக்கரை உரிக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. இதே ஸ்டிக்கரைத்தான் எட்டு வயதில் ஆசை ஆசையாய்ச் சேர்த்துவைத்தேன். எல்லாம் தலையெழுத்து.

அப்பா அப்போது ஒரகடத்தில் காருக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட்டில் இருந்தார். காலை ஆறரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் பிடிப்பார். திரும்பி வந்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஸ்டிக்கரை உரித்து பீரோ கதவில் ஒட்டுவேன். பாதிக் கதவு சிவப்பாகிவிட்டது. "வூடா இது, செக்போஸ்ட்டா?" என்று அம்மா திட்டுவாளே தவிர, ஒன்றைக்கூடப் பிய்த்துப் போட்டதில்லை.

ஒருநாள் போனில் ஸ்டிக்கர் இல்லை. மறுநாளும் இல்லை.

"ஸ்டிக்கர் இன்னாபா ஆச்சு?"

"தீந்துபோச்சாம் பாப்பா."

அவ்வளவு பெரிய கம்பெனியில் ஸ்டிக்கர் தீர்ந்துபோகும் என்று நம்பினேன். அந்த வயதில் அப்பா சொன்னால் எதைத்தான் நம்ப மாட்டோம்.

காலாண்டு லீவு வந்தது. லீவு விட்டாலும் பள்ளிக்கூடம் விடாதே. "எங்கள் ஊர்" என்று ஒரு ஆல்பம் செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார் மிஸ். கடையில் விற்கிற படத்தாளில் மெரினா இருந்தது, தாஜ் மகால் இருந்தது. எங்கள் வடக்குப்பட்டு கிராமத்தையும் ஒரகடத்தையும் எவன் அச்சடிப்பான்? நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

"அழுவாத. நான் போன்ல புடிச்சினு வரேன்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து தினம் போனில் படங்கள் வந்தன. வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரம். ஒரகடம் பாலம். காலேஜ் பிள்ளைகள் நிற்கிற தண்டலம் பஸ் ஸ்டாப். வயலில் நட்ட மனைக்கற்கள். டீக்கடை பெஞ்சு. யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத சங்கதிகளை எல்லாம் அப்பா நின்று நிதானமாகப் பிடித்திருந்தார். எப்போது எடுத்தார் என்று கேட்டதற்கு, "சாப்பாட்டு டைம்ல" என்றார். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் வல்லக்கோட்டைக்கும் தண்டலத்துக்கும் போய்வந்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு அது போதவில்லை. அப்பா போகும் பஸ்ஸும் வேண்டும் என்றேன்.

"பஸ்ஸு எதுக்கும்மா? கோயில் கீது, பாலம் கீது, போதாதா?"

போதாது என்று இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். மூன்றாம் நாள் பஸ் படமும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அப்பா கிளம்பிப் போன பிறகு, தரையில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதவேண்டியதை முன்பே எழுதி வைத்திருந்தேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். "இது எங்கள் அப்பா போகும் பஸ்" என்கிற இடத்தில் நின்றுவிட்டாள்.

படத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அப்பாவின் கூட்டாளி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து சீட் காலி.

"இத யாரு புடிச்சது?"

"அப்பாதான்."

"பஸ்ஸு போவுதே. இவரு எங்க நிக்கறாரு?"

"ரோட்டுலதான். உள்ள குந்திகினு பஸ்ஸ எப்படிம்மா புடிக்கறது?" என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமை.

அப்பாவுக்கு வேலை போய் அன்றைக்கு மூன்று வாரம். காண்ட்ராக்ட் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வராமல், தினமும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, சாயங்கால பஸ் வருகிற நேரம்வரை ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் நான் பத்தாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். பாவம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்திருந்தார் அந்த மனிதர். அதைத் தோண்டித் தட்டில் வைத்தவள் நான்.

அம்மா மிச்சப் படங்களையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எதுலயும் நெழலுக்கு ஒரு மரங்கூட இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் படத்தை மட்டும் எடுத்து பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் கத்திக் கூப்பாடு போட்டும் தரவில்லை.

சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ப் பற்றவைத்துவிட்டேன்.

"அம்மா பஸ் போட்டோவப் புடுங்கி வெச்சிகிச்சுபா. நீ எங்க நின்னு புடிச்சன்னு கேக்குது."

செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து ஒரு சண்டை வரும், எனக்குப் படம் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"தோச ஊத்தட்டுமா?" என்றது அம்மாவின் குரல். அவ்வளவுதான்.

அப்பா அன்றைக்குத் தோசையைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே இன்னொன்று போட்டாள். எனக்கு ஒரே எரிச்சல். என் வழக்கை விசாரிக்க அந்த வீட்டில் ஆளே இல்லை.

காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸ் தயார். திறந்து பார்த்தேன், சோற்றின் மேல் ஒரு அவித்த முட்டை. அதோடு பரணிலிருந்த கறுப்புக் குடையைத் தூசி தட்டி அம்மா அப்பாவிடம் நீட்டினாள்.

"வெயிலு ஜாஸ்தியா கீது. எடுத்துனு போங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கம்பெனிக்குள்ள எதுக்கும்மா கொட? மேலதான் கூர கீதே."

இருவரும் சிரிக்கவில்லை. அப்பா குடையை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பஸ்ஸுக்குப் பதிலாக என்று இன்னொரு படம் கொண்டுவந்தார். வெறும் ஏரிக்கரை. கீழே மண்ணில், குடை பிடித்த ஒரு ஆளின் நிழல் விழுந்திருந்தது.

"நெழல் வுழுந்து கெட்டுப்போச்சு. இது வேணாம்" என்றேன்.

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கினாள். ஆல்பத்தில் பஸ்ஸுக்காக விட்டிருந்த காலி இடத்தில் பசை தடவி ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். கீழே நான் எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மிஸ் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"எங்கள் அப்பா போகும் பஸ்னு எழுதியிருக்க. பஸ் எங்க?"

எனக்கு அவமானமாக இருந்தது.

"எங்கம்மாதான் ஒட்டுச்சு மிஸ். அதுக்குச் சரியா படிக்கத் தெரியாது" என்றேன்.