ரூபி காலைத் தூக்கி நின்றால்

போன வாரம் ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. பக்கத்தில் ஏறியவர் மடியில் நனைந்த நாய்க்குட்டி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த ஈர ரோம வாடையை இழுத்து இழுத்து முகர்ந்தேன். ஏதோ கோளாறு பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது ரூபியின் வாடை.

ரூபி எங்கள் நாய் இல்லை. கசப்பெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ரேணிகுண்டாவில் நான் வேலை பார்த்த பட்டறையின் மேனேஜர், ஹைதராபாத்துக்கு மாற்றலானபோது, வீடு அமைந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று எங்களிடம் விட்டுப்போனார். ஜெர்மன் பாயிண்டர், வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த ஜாதி. காப்பிக்கொட்டை நிறம், மார்பெல்லாம் புள்ளி, பாதி வெட்டிய வால். வால் ஏதோ விபத்தில் போனது என்று நான் பரிதாபப்பட்டேன்; அந்த ஜாதிக்குக் குட்டியிலேயே வெட்டிவிடுவார்களாம். ஒருநாள் முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. முள் குத்திவிட்டது என்று திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாட்டு டாக்டர் சிரித்துவிட்டார். பறவை வாடை பட்டால் அப்படித்தான் நிற்குமாம். துப்பாக்கிக்காரனுக்கு இடம் காட்டுமாம்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி ஏது? நைனாதான் இருந்தார். நகரியில் பவர்லூம் ஓட்டி ஓட்டிக் காது போனவர். அம்மா இறந்தபின் என்னோடு வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரூபி வந்த வாரமே கட்டில் காலைக் கடித்துக் குதறியது. நைனா பார்த்துவிட்டு, "ஓடற நாயிடா இது. கட்டிப்போட்டா கட்டிலத்தான் துன்னும்" என்றார்.

மறுநாள் முதல் விடிந்ததும் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். நைனா துண்டைத் தண்ணீரில் எறிவார். நீந்திப் போய்ப் பல் படாமல் கொண்டுவரும். புதரைப் பார்த்து அது உறைந்து நின்றால் உள்ளே கவுதாரி என்று அவருக்குப் புரியும். வாசலில் யார் வந்தாலும் காது கேட்காத அவருக்கு அப்படியே நின்று காட்டும். திரும்பியதும் அதன் தொங்கு காதுகளைப் புரட்டி உண்ணி பொறுக்கி, ஈரம் துடைத்த பிறகுதான் நைனா காப்பி குடிப்பார். பேசவும் ஆரம்பித்திருந்தார், நாயோடுதான்.

சில வருஷம் கழித்து மேனேஜர் வந்தார். குட்டி எடுக்க வேண்டுமாம். தெலுங்கில் நைனாவுக்கு நன்றியெல்லாம் சொன்னார். நைனா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா சொல்றாரு?"

தெருவுக்கே கேட்கும்படி அவர் காதருகில் நான் கத்த வேண்டியிருந்தது.

"நாய இட்டுக்கினு போறாராம்."

இங்கேயே இருக்கட்டும் சார் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஜாதி நாயை எப்படி விட முடியும் என்றார். அதைவிடக் கொடுமை, ரூபி அவரைக் கண்டதும் மேலே விழுந்து நக்கி, தானாகவே காரில் ஏறிக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நைனா சங்கிலியைச் சுருட்டி டிரைவர் கையில் கொடுத்தார்.

அடுத்த சங்கராந்திக்குப் போன் செய்து விசாரித்தேன். சினை தங்கவில்லை, ஃப்ளாட்டில் குரைக்கிறது என்று சண்டை வந்தது, யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார் மேனேஜர். யாருக்கென்று ஞாபகமில்லையாம். அதையும் நைனாவிடம் கத்தித்தான் சொன்னேன்.

"நம்மள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அதன் பிறகு ஏரிப் பக்கம் அவர் போகவே இல்லை.

நைனா இப்போது இல்லை. ஏரிக்கரையை மண்ணடித்து மேடாக்கி, கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். கவுதாரிகள் எந்தப் பக்கம் போயினவோ. மேனேஜர் மட்டும் பண்டிகைதோறும் போனில் பூப்படம் அனுப்புகிறார். நான் திறப்பதில்லை.