தறி நின்ற அரைமணி நேரம்

"ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா மாசாமாசம் பேஜார் இல்லப்பா" என்று சொல்லி, இன்டர்நெட் கம்பெனிக்கு அப்பாவை முன்பணம் கட்ட வைத்தவன் நான்தான். கொஞ்ச நாளிலேயே மோடத்தில் சிவப்பு விளக்கு. போன் செய்தால், "ஆள் வந்துகினு இருக்கார்" என்பார்கள். யாரும் வரவில்லை. நேரில் போனால் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

அன்று காலை எனக்கு வீடியோவில் இன்டர்வியூ. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். செல்போன் சிக்னலோ வீடியோவுக்குத் தாங்காது. பதற்றத்தில் லேப்டாப்போடு ஓடி, அடுத்த தெருவில் முன்பின் தெரியாத ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன்.

"வைஃபை இருக்குதுபா. இந்தச் சத்தத்துல என்னா பேசுவ?" என்றார் முதலாளி.

தறியில் நின்ற அக்கா சிரித்தார். "இன்னிக்கி அரைமணி அமாவாசைன்னு வெச்சிக்கலாம். நிறுத்துங்கண்ணே."

அமாவாசைக்கு மட்டுமே எங்கள் ஊரில் தறி ஓயும். ஒவ்வொன்றாக எல்லாத் தறிகளும் நின்றன. நெய்தால்தான் அவர்களுக்குக் கூலி. என் அப்பாவுக்கும் அப்படித்தான். நான் பேசி முடிக்கும்வரை ஒருவர்கூட இருமவில்லை.

வேலை கிடைக்கவில்லை. வெட்கத்தோடு கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன்.

"அடுத்தது எப்போ?" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார் அக்கா. "முன்னாடியே சொல்லு, அன்னிக்கி ஜல்தியா வந்து அந்த அரைமணிய ஓட்டிக்கிறோம்."

கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்யும்போதெல்லாம் கோபம் பொங்குகிறது. அந்த அமைதி நினைவுக்கு வந்ததும் போனை வைத்துவிட்டு, அடுத்த இன்டர்வியூவுக்குப் படிக்க உட்காருகிறேன்.