பதினோரு விளக்குகள்

1963 ஜனவரி 24, வியாழக்கிழமை, இரவு ஏழு இருபது. வானத்தில் மேகமில்லை, மெல்லிய பனி. நெய்வேலி டவுன்ஷிப் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டுமென்று, நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஒரு கிராமத்தில், கேமரா பொருத்திய என் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினேன். ஆண்ட்ரோமீடா என்னும் சுருள் விண்மீன் மண்டலத்தைப் படமெடுக்க நாற்பது நிமிடம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதுவரை ஒரு நட்சத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வானம் நகர நகரத் தொலைநோக்கிக் குழாயையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நிமிடம் பின்னால் காலடிகள் கேட்டன. திரும்பினால் படம் கெட்டுவிடும். திரும்பவில்லை.

கடைக்கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, பிறகு இன்னொன்று. கடைசியில் குழாயின் வாய்க்கு நேராகவே ஒரு லாந்தர் உயர்ந்தது. படம் போயிற்று.

திரும்பினேன். கதவும் ஓடும் பெயர்த்தெடுத்த வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் விளக்கோடு ஓர் ஆள் அசையாமல் நின்றார்.

“பாத்துக்குங்க சார், எல்லா வூட்லயும் ஆளு இருக்குது,” என்றார் லாந்தர்காரர். “காலின்னு எழுதிடாதீங்க.”

முக்காலியைப் பார்த்து என்னைச் சர்வேயர் என்று நினைத்துவிட்டார்கள்.

“நான் அளக்க வரலைங்க. வானத்தைப் படம் எடுக்கிறேன்.”

“ஏன், அங்கயும் கரி இருக்குதா?” என்றாள் ஒரு பெண். ஒருவரும் சிரிக்கவில்லை.

“எண்ணிக்குங்க சார்,” என்றார் லாந்தர்காரர்.

உரக்க எண்ணினேன். பதினொன்று. எண்ணி முடித்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அடுத்த மழைக்குள் அந்த இடம் சுரங்கப் பள்ளமாகிவிட்டது. எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பவன் நான். என்னை எண்ணச் சொல்லிக் கெஞ்சியவர்கள் அவர்கள் மட்டும்தான். அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. கறுத்துப்போன அந்த ஃபிலிமை இன்னும் வைத்திருக்கிறேன். கழுவிய மருந்தோடு சேர்த்து அதன் செலவு, பதினான்கு ரூபாய் அறுபது நயா பைசா.