கேபிள்காரர்களுக்கு முதலில் தெரிந்தது

மந்தைவெளியில் நான் பதினோரு வருஷம் குடியிருந்த வீடு என் தம்பியின் பெயரில் இருந்தது. நான்கே வீடுகள் கொண்ட பழைய கட்டடம். எங்களுடையது முதல் மாடி. அப்பா போன பிறகு, பத்திரம் ஒரே பெயரில் இருந்தால் வங்கியில் கடன் வாங்க வசதியாக இருக்கும் என்று தம்பி கேட்டான். என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதிவு அலுவலக வாசலில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீ இருக்கிற வரைக்கும் அது உன் வீடுதான்க்கா" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் மனைவி மக்களோடு பெருங்குடியில், ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

நான் தனி ஆள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் வீட்டில் தண்ணீர் வராவிட்டால்கூடச் சமாளித்துவிடுவேன், நெட் வராவிட்டால் கையொடிந்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கனெக்‌ஷனையும் தம்பிதான் வாங்கிக் கொடுத்திருந்தான், அவன் பெயரில், அவன் செல்போன் எண்ணில்.

வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மோடம் செத்துப்போனது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு தி.நகரில் இருந்த கேபிள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் பழையதை வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் எறிந்துவிட்டுப் புதியதைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். கேபிளைத் திருகினேன், பிளக்கைச் செருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிலைத்து எரியவில்லை. அணைத்துப் போட்டேன். கேபிளைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது அந்தப் பெண், "புது மோடத்தோட நம்பரை எங்க சிஸ்டத்துல ஏத்தணும் மேடம். ரிஜிஸ்டர் பண்ண மொபைலுக்கு ஓடிபி போயிருக்கு, அதைச் சொல்லுங்க. அது இல்லாம உங்க அக்கவுண்டை என்னால திறந்துகூடப் பார்க்க முடியாது" என்றாள்.

ஓடிபி தம்பிக்குப் போயிருந்தது. அவனைக் கூப்பிட்டேன்.

"புது மோடமா? எதுக்குக்கா இப்போ?"

"பழசு போயிடுச்சுடா. ஓடிபி வந்திருக்கும் பாரு."

"மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் அனுப்பறேன். கொஞ்ச நாளைக்கு மொபைல்லயே ஓட்டிக்கோயேன்."

அனுப்பவில்லை. மறுநாளும் கேட்டேன். "வரவே இல்லைக்கா, அவங்க சிஸ்டம் சரியில்லை" என்றான். எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, செல்போனிலிருந்து இணைப்பு எடுத்து இரண்டு நாள் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை 'ழ' சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் உறைந்துபோகும். அதன் அம்மா மன்னிப்புக் கேட்பார், தவறு அவர்களுடைய நெட்டில் என்று நினைத்துக்கொண்டு.

புதன்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும், இத்தனை வருஷமாக எங்கள் தெருவுக்கு வருகிறவர். மொட்டைமாடிக்கு ஏறிப் போய் அரை மணி நேரம் பார்த்தார். துருப்பிடித்த ஒரு இணைப்பை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டார். கீழே வந்து மோடத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைனு நல்லாத்தான் கீது மேடம். சிக்னலும் வந்துக்கினுதான் கீது. உள்ளாற இன்னாவோ பிளாக் பண்ணி வச்சுகீறாங்க. இரு, ஆபீஸ்ல கேக்கறேன்."

ஆபீசில் யாரிடமோ பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மறுமுனையில் இருந்தவர், "அந்த கனெக்‌ஷன்ல புது மோடம் ஏறாது. சரண்டர் போட்டிருக்காங்க, மாசக் கடைசியில கட் ஆகணும். காரணம், கட்டடம் இடிப்புன்னு போட்டிருக்கு" என்றார்.

நான் வேறு யாருடைய வீட்டையோ பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். கதவு எண்ணைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னேன். அதே எண்தான்.

லைன்காரர் ஸ்பீக்கரை அணைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூடிரைவரைப் பையில் வைத்தார்.

"உனுக்குத் தெரியாதா மேடம்? நாலு வூட்லயும்தான் எழுதிக் குட்துகீறாங்க. பில்டர்கிட்ட போவுதுன்னு சொன்னாங்களே."

அவர் போனதும் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா அவர். தினமும் காலையில் என்னோடு நடக்க வருவார். அன்று காலையும் ஒரு மணி நேரம் அவரோடு நடந்திருந்தேன், கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வாரம் முன்பே கேட்டிருந்தேன். பழைய புத்தகங்களை ஒழிக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "அசோக் நகர்ல பொண்ணு வீட்டுப் பக்கத்துல பாத்திருக்கோம்மா. உன் தம்பிதான், 'அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன், நீங்க யாரும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டுக்கிச்சு. அக்கா தம்பிக்கு நடுவுல நான் எப்படிம்மா வாயைத் திறக்கறது?"

"எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

தம்பிக்குப் போன் செய்து, "சாயந்தரம் வா. ஓடிபிக்காக இல்லை" என்று மட்டும் சொன்னேன். வந்தான். கையில் மாம்பழப் பை இருந்தது. மோடத்தையும் என்னையும் ஒருமுறை பார்த்தான். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றான்.

"எப்போ கையெழுத்துப் போட்டே?"

"கார்த்திகைல. மார்கழி பொறந்துட்டா நல்ல காரியம் பண்ண மாட்டாங்கன்னு அவசரப்படுத்தினாங்க."

"பொங்கலுக்கு இங்க வந்து சாப்பிட்டியே, அப்போ சொல்லியிருக்கலாமே?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலைக்கா."

"கேபிள்காரனுக்குச் சொல்லத் தெரிஞ்சுதே."

"அது ஆப்ல ஒரு பட்டனை அமுக்கறதுதான்க்கா. உன்கிட்ட அப்படியா?"

அந்தப் பதிலில் உண்மை இருந்தது, அதனால்தான் அதிகம் வலித்தது. கரண்ட், தண்ணீர், நெட் எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவிட்டான். என் தேதியை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தான்.

"சரி, புதுசாக் கட்டினதும் உனக்கு ஒரு வீடு தருவாங்க இல்லையா?" என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அதில் எனக்கு ஓர் அறை இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவன் மாம்பழப் பையை மேஜைமேல் வைத்தான். "அதை வித்துடலாம்னு இருக்கேன். பசங்க படிப்பு இருக்கு. நீ எங்க வீட்டுக்கே வந்துடு, ஹால்ல ஒரு தடுப்புப் போட்டுடலாம்."

"உன் பெண்டாட்டிகிட்ட கேட்டியா?"

"கேக்கணும்."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாகப் போயிருக்கும். அக்கா கோபப்பட்டாள், சமாதானமாகிவிடுவாள் என்று வீட்டுக்குப் போயிருப்பான். "அந்த சரண்டரை ஒரு மாசம் தள்ளி வை. எனக்குப் பாடம் இருக்கு. அதுக்குள்ள நான் வேற இடம் பார்த்துக்கறேன்" என்றேன். அங்கேயே நின்று செல்போனில் எதையோ அழுத்தினான். பத்து நிமிஷத்தில் மோடத்தின் கடைசி விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. மூன்று நாளாக நான் கழற்றி மாட்டித் துடைத்துக்கொண்டிருந்த கோளாறு அவன் கட்டைவிரலில் இருந்திருக்கிறது.

"வேற ஏதாவது வேணுமாக்கா?" என்றான்.

"பழத்தை எடுத்துட்டுப் போ. பசங்களுக்குக் கொடு."

எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மாதத்துக்குள் அடையாறில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் ஒரு தையற்கடை. பகல் முழுக்க மெஷின் சத்தம். பாடம் நடத்தும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். கீழ் வீட்டு அம்மா இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்து, நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

தம்பி தீபாவளிக்கு வந்தான். பேசினோம், குழந்தைகளின் பள்ளிக்கூடம், அவன் முதுகுவலி, இந்த வருஷத்து மழை. வீட்டைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தை பிறந்ததும் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை போட்டார்கள். "குடும்பத்துல மூத்தவ நீதான், நீ வந்து முதல் செங்கல் எடுத்துக் கொடுக்கணும்" என்று கூப்பிட்டான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேறு வேலையும் இல்லை. முழு நாளும் வீட்டில்தான் இருந்தேன்.